தூரமும் நேரமும்: தில்லி – சான் பிரான்சிஸ்கோ வான்வழி

நம் சங்க மலருக்கு விஞ்ஞானக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் கேட்டார். அணுவைப் பற்றியும் விண்மீன்களைப் பற்றியும் எழுத வல்லவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். நான் ஒரு வகுத்தல் கணக்கைப் பற்றி எழுதுகிறேன். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம். பௌதிகத்தில் முதுகலை படிக்கும் நான் அந்தக் கணக்கைத் தவறாகப் போட்டேன். அதனால் நேர்ந்த இழப்பு என் அண்ணனுக்கு.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு தை மாதம் ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில், செங்கற்பட்டை அடுத்த எங்கள் ஊரில் எங்கள் ஆயா இறந்துபோனார். ஆயா என்பது எங்கள் பக்கத்தில் பாட்டியைக் குறிக்கும் சொல். தஞ்சை, நெல்லை நண்பர்கள் வேறாகப் பொருள் கொள்ள வேண்டாம். எங்கள் இருவரையும் வளர்த்தது அவர்தான். நான் தில்லியில் விடுதியில் இருந்தேன். அண்ணன் கலிபோர்னியாவில் வேலையில் இருந்தார்.

அன்று நண்பகல் அண்ணன் தொலைபேசியில் பேசினார். "நாளைக் காலை எட்டரை மணிக்குக் கிளம்பும் விமானத்தில் இடம் கிடைத்தது. தில்லியிலிருந்து சென்னைக்கு நீயே டிக்கெட் எடுத்துவிடு, பெரியப்பாவிடமும் சொல்லிவிடு" என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்த கணம் ஊரிலிருந்து பெரியப்பா. "ஏம்பா, அண்ணன் எப்பப்பா வருவான்? ஊருக்குச் சொல்லியாகணும். வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும், சனிக்கிழமை ஆகாது. அவன் வர நேரமாகும்னா ஞாயித்துக்கிழமைன்னு சொல்லிடறேன், ஐஸ் பெட்டி இருக்குது. நீ படிச்சவன், கணக்குப் போட்டுச் சொல்லு."

நான் கணக்குப் போட்டேன். முதலில் கடிகாரம். குளிர்காலத்தில் கலிபோர்னியா நம்மைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அண்ணனின் 'நாளைக் காலை எட்டரை' நமக்கு அன்றிரவு பத்து மணி. அவர் வெள்ளிக்கிழமை காலையில்தான் கிளம்புகிறார் என்று நினைத்திருந்த பெரியப்பாவுக்கு இதை விளக்கிச் சொன்னேன். கடினமான பகுதியைக் கடந்துவிட்டோம் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம். அடுத்தது தூரம்: 12,400 கிலோமீட்டர். வேகம்: மணிக்கு 900 கிலோமீட்டர். வகுத்தால் பதின்மூன்றே முக்கால் மணி. தாராளமாகப் பதினான்கு என்று வைத்துக்கொண்டேன். வெள்ளி நண்பகல் பன்னிரண்டுக்குத் தில்லி, இரண்டு மணிக்குச் சென்னை விமானம், ஆறு மணிக்குள் வீடு. "வந்துவிடுவார் பெரியப்பா" என்றேன். "அப்ப சரி, வெள்ளிக்கிழமையே வச்சுக்கலாம்" என்றார் பெரியப்பா.

அண்ணன் தில்லியில் இறங்கியது வெள்ளி பிற்பகல் இரண்டே முக்காலுக்கு. பதினாறே முக்கால் மணி நேரப் பயணம். நான் எடுத்திருந்த இரண்டு மணி விமானம் போய்விட்டது. வேறு விமானம் பிடித்து அவர் வீட்டுக்கு வந்தபோது இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிட்டது. அவர் தில்லியிலிருந்து பேசிய நேரத்தில் வேலூர், சேலம், பெங்களூர் என்று உறவெல்லாம் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தது. நாளை மறுநாள் வாருங்கள் என்று அவர்களைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. பொழுது சாய்வதற்குச் சற்று முன்பு எடுத்துவிட்டார்கள். விமான நிறுவனத்தின் கால அட்டவணையை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் பதினாறே முக்கால் என்பது அங்கேயே அச்சாகியிருந்தது. பார்க்கவில்லை. கணக்குதான் என் கையில் இருக்கிறதே என்று நினைத்தேன்.

அந்த இரண்டே முக்கால் மணி நேரம் எங்கிருந்து வந்தது? அதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

முதலில் தூரத்தை எடுத்துக்கொள்வோம். 12,400 கிலோமீட்டர் என்று நான் கொண்டது தவறான எண் அன்று. ஆனால் அது எதன் அளவு என்பதில்தான் செய்தி இருக்கிறது. நம் வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் தில்லியையும் சான் பிரான்சிஸ்கோவையும் அளவுகோலால் இணைத்தால், கோடு கிழக்கு நோக்கிச் சீனம், ஜப்பான், பசிபிக் பெருங்கடல் என்று ஏறக்குறையக் கிடையாகப் போகும். தில்லி வட அட்சம் 28.6 பாகையில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ 37.6 பாகையில். இரண்டுக்கும் இடையே 33 பாகை என்னும் அட்சரேகையில் பூமியின் சுற்றளவு சுமார் 33,600 கிலோமீட்டர். இரு நகரங்களின் தீர்க்கரேகைகளுக்கும் இடைவெளி 160.5 பாகை. ஆகவே படத்தில் நேராகத் தோன்றும் அந்த வழி ஏறக்குறைய 15,000 கிலோமீட்டர்.

இப்போது படத்தை விட்டுவிட்டு உருண்டைக்கு வாருங்கள். எங்கள் துறையில் பூகோள உருண்டை ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. அதில் இரு நகரங்களையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்தால், நூல் கிழக்கே போக மறுக்கும். வழுக்கிக்கொண்டு வடக்கே ஏறித் துருவத்தின் அருகே போய் நிற்கும். உருண்டை கிடைக்காதவர்கள் ஒரு கமலா ஆரஞ்சை எடுத்துக்கொள்ளலாம்; காம்பு இருந்த இடம் வட துருவம். காம்புக்குக் கீழே சற்றுத் தள்ளி இந்தப் பக்கம் ஒரு குண்டூசி, ஏறக்குறைய நேர் எதிர்ப்பக்கத்தில் மற்றொன்று. எறும்பு ஒன்று ஓர் ஊசியிலிருந்து மற்றதற்குப் போக வேண்டுமானால் பழத்தின் இடுப்பைச் சுற்றிப் போகுமா, காம்பின் அருகே குறுக்கே போகுமா? போட்டுப் பார்த்த பின் பழத்தைத் தின்றுவிடலாம். பூகோள உருண்டைக்கு இல்லாத சிறப்பு இது.

நூல் காட்டும் வழிக்குப் பெருவட்டம் என்று பெயர். கோளத்தின் மையத்தின் வழியாகச் செல்லும் ஒரு தளம் அதன் மேற்பரப்பை வெட்டும் வட்டம் அது. இரு புள்ளிகளுக்கிடையே மேற்பரப்பின் மீது மிகக் குறைந்த தூரம் அந்த வட்டத்தின் வில்தான். அதைக் கணக்கிடக் கோள முக்கோணக் கணிதம் வேண்டும். ஆனால் நம் இரு நகரங்களும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய எதிர்ப்பக்கத்தில் இருப்பதால் மனக்கணக்கிலேயே நெருங்கிவிடலாம். தில்லியிலிருந்து வட துருவம் 90 கழித்தல் 28.6, அதாவது 61.4 பாகை. துருவத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோ 52.4 பாகை. கூட்டினால் 113.8. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் 12,650 கிலோமீட்டர். துருவத்தையே தொட்டுக்கொண்டு போனாலும், படத்தின் 'நேர்' வழியைவிட 2,300 கிலோமீட்டருக்கு மேல் மிச்சம்! முறையான கணக்குப் போட்டால் 111.3 பாகை, அதாவது 12,380 கிலோமீட்டர் வருகிறது. அந்தப் பெருவட்டம் வட அட்சம் 75 பாகைக்கும் மேலே ஏறி இறங்குகிறது. தில்லியிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போக விரும்புகிறவன் கிளம்பும்போது கிழக்கையும் பார்க்க வேண்டாம், மேற்கையும் பார்க்க வேண்டாம். ஏறக்குறைய வடக்கே பார்த்தால் போதும்.

சுவர்ப் படத்தைக் குறை சொல்வதற்கில்லை. 1569-ஆம் ஆண்டில் மெர்க்கேட்டர் அதைக் கடலோடிகளுக்காக வரைந்தார். திசைகாட்டி முள்ளை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு கப்பலைச் செலுத்தினால் அந்த வழி படத்தில் நேர்கோடாக விழும். திசையைக் காப்பதற்காக அளவைப் பலி கொடுத்த படம் அது. அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு ஈடாக நிற்கிறது; உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போல் பதினான்கு மடங்கு பெரிது.

ஆக, 12,400 என்பது நூலின் தூரம். விமானமும் நூலின்மேல் போகுமா? பெரும்பாலும் போவதில்லை. தில்லியிலிருந்து இந்தப் பெருவட்டத்தைப் பிடித்தால் சற்று நேரத்தில் இமயம் குறுக்கிடும். அதையும் தாண்டினால் திபெத்துப் பீடபூமி. விமானம் பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறதே, மலை என்ன செய்யும் என்று கேட்கலாம். உள்ளே காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானி மூவாயிரம் மீட்டர் உயரத்துக்கு விரைந்து இறங்க வேண்டும். பயணிகளுக்கு மேலிருந்து விழும் முகமூடியில் உள்ள பிராணவாயு சுமார் கால் மணி நேரத்துக்கே வரும். திபெத்தின் தரையே சராசரி 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்க இடம் ஏது? ஆகவே விமானங்கள் பெரும்பாலும் அந்தப் பீடபூமியை விலக்கிச் சுற்றிப் போகின்றன.

வானத்துக்கும் வேலி உண்டு. 2019 பிப்ரவரி முதல் ஜூலை வரை பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியிருந்தது. 2025 ஏப்ரலில் நம் நாட்டு விமானங்களுக்கு மீண்டும் மூடியது. மேற்கே போகும் நம் விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடலைச் சுற்றின. அமெரிக்கா செல்பவற்றுள் சில எண்ணெய் நிரப்ப ஐரோப்பாவில் இறங்கிச் சென்றன. 2022-இல் ருஷிய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டபோது, ஹெல்சிங்கியிலிருந்து ஒன்பதரை மணி நேரத்தில் டோக்கியோ போய்க்கொண்டிருந்த பின்னிஷ் விமானங்கள் வட துருவத்தைச் சுற்றிப் பதின்மூன்று மணி நேரம் பறக்க நேர்ந்தது. நகரங்கள் அங்கேயேதான் இருந்தன. நடுவில் இருந்த தூரம் மட்டும் வளர்ந்துவிட்டது.

மற்றொரு கட்டுப்பாடும் உண்டு. இரண்டு எஞ்சின் உள்ள விமானம், ஒன்று நின்றுபோனால் மற்றொன்றைக் கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதேனும் ஓர் ஓடுதளத்தை அடையும் வகையிலேயே வழியை வகுத்துக்கொள்ள வேண்டும். 2023 ஜூனில் தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சென்ற விமானம் ஒன்று எஞ்சின் கோளாற்றால் ருஷியாவின் தூரக் கிழக்கில் மகதான் என்னும் ஊரில் பத்திரமாக இறங்கியதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அப்படியோர் ஊர் இருப்பதே நம்மில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. வழியை வகுப்பவர்களுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

அண்ணன் தன் இருக்கைக்கு எதிரே உள்ள திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். அலாஸ்கா, சைபீரியா என்று வந்த வழி 13,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நான் போட்ட தூரத்தில் எழுநூறு கிலோமீட்டர் குறைவு. முக்கால் மணி நேரத்துக்கு இங்கே கணக்கு வந்துவிட்டது. மீதி இரண்டு மணி?

திரையின் மூலையில் மற்றோர் எண்ணும் இருந்தது. தரை வேகம்: மணிக்கு 790 கிலோமீட்டர்.

இங்கேதான் நான் வெட்கப்பட வேண்டும். 900 என்பது விமானம் காற்றை ஊடுருவிச் செல்லும் வேகம். காற்று நின்றுகொண்டிருந்தால்தான் அது தரை வேகமும் ஆகும். ஆற்றில் செல்லும் ஓடத்தை நினைத்துப் பாருங்கள். துடுப்பு தண்ணீரைத் தள்ளுகிறது; தண்ணீரே ஓடிக்கொண்டிருந்தால் ஓடம் கரையைக் கடக்கும் வேகம் வேறு. (எங்கள் பாலாற்றில் தண்ணீர் ஓடினால்தானே ஓடம் என்று நண்பர்கள் கேலி செய்ய வேண்டாம், காவிரியை நினைத்துக்கொள்ளுங்கள்.) இளங்கலை முதலாண்டில் சார்பு வேகம் என்று இதையே பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

விமானம் பறக்கும் உயரத்தில் காற்று எப்படிப்பட்டது? ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பூமியைச் சுற்றி ஒரு காற்று ஆறு ஓடுகிறது. ஜெட் காற்றோட்டம் என்பது அதன் பெயர். அதன் நடுப்பகுதியில் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் என்பது சாதாரணம். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே முந்நூறையும் தாண்டும். காரணம் எளியது. வெப்பமண்டலத்தில் காற்று சூடேறி விரிந்து உயரமாக நிற்கிறது. துருவத்தில் குளிர்ந்து சுருங்கிக் கிடக்கிறது. ஆகவே உயரத்தில் ஒரே மட்டத்தில் பார்த்தால் தெற்கே அழுத்தம் மிகுதி, வடக்கே குறைவு. காற்று வடக்கே பாயப் புறப்படுகிறது. பூமி சுழல்வதால் வடகோளத்தில் அது வலப்பக்கம், அதாவது கிழக்கே, திரும்பிவிடுகிறது. வெப்ப வேறுபாடு மிகுந்த குளிர்காலத்தில் காற்றும் மிகுகிறது. தை மாதத்தில் தில்லிக்கு மேலேயே இதன் ஒரு கிளை ஓடுகிறது. நாம் விடுதியில் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும்போது திடீரென்று பெய்யும் மழையை மேற்கிலிருந்து கொண்டுவருவதும் இதுவே. கோடையில் அது இமயத்துக்கு அப்பால் விலகிப்போகிறது.

இந்தக் காற்றை முதலில் அளந்து எழுதியவர்களுள் ஒருவர் வசபுரோ ஓயிஷி என்னும் ஜப்பானியர். 1920-களில் தாதேனோ வானிலை நிலையத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, அவை எங்கே போகின்றன என்று தொலைநோக்கியால் தொடர்ந்து கண்டுபிடித்தார். உலகம் முழுதும் படிக்கட்டும் என்று 1926-இல் தம் அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். உலகப் பொதுமொழி என்று அதற்குப் பெயர். ஆனால் உலகம் படிக்கவில்லை. 1944-இன் இறுதியில் ஜப்பானுக்கு மேலே பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் இந்தக் காற்றில் சிக்கிக் குறி தவறின. அதே காற்றில் ஜப்பானியர் சுமார் 9,000 பலூன்களில் வெடிகளைக் கட்டி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். மூன்று நான்கு நாட்களில் அவற்றுள் சில பசிபிக்கைக் கடந்துபோய் விழுந்தன. போர் முடிந்தபின் இந்தக் காற்று பயணிகளுக்கு உதவியது. 1952-இல் பான் அமெரிக்கன் நிறுவனத்தின் விமானம் ஒன்று டோக்கியோவிலிருந்து ஹானலூலுவுக்கு இதன்மேல் ஏறிச் சென்றபோது, பதினெட்டு மணி நேரப் பயணம் பதினொன்றரை மணி நேரமாகக் குறைந்தது.

இனி நம் வழிக்கு வருவோம். 2015 டிசம்பரில் ஏர் இந்தியா நிறுவனம் தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு இடைநில்லாப் பயணத்தைத் தொடங்கியது. முதலில் போனது மேற்கே, ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாக. தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் அதைக் கிழக்கே பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். அந்தத் தூரம் 15,300 கிலோமீட்டர். 1,400 கிலோமீட்டர் கூடுதல். ஆனால் பயணம் பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது. முன்னதைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு! வகுத்துப் பாருங்கள். அட்லாண்டிக் வழியில் சராசரி வேகம் மணிக்கு 840 கிலோமீட்டர் அளவில் நின்றது. பசிபிக் வழியில் 1,055. விமானம் ஒன்றே, முதுகில் தள்ளிய காற்றுதான் வேறு. மணிக்கு ஏழு டன் அளவில் எண்ணெய் குடிக்கும் விமானத்துக்கு இரண்டு மணி நேரம் என்பது சிறிய மிச்சம் அன்று.

இன்னொன்றும் கவனித்தீர்களா? அந்தப் பசிபிக் வழி 15,300. முன்பு சுவர்ப் படத்தில் அளவுகோலை வைத்துக் கண்டுபிடித்த 'தவறான' வழி 15,000. உருண்டையைக் காட்டி நாம் தள்ளிவைத்த அதே வழியைத்தான், காற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். மிகக் குறைந்த தூரமும் மிகக் குறைந்த நேரமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இவற்றை ஒன்றென்று கொண்டதுதான் நான் செய்த பெரும்பிழை.

போகும்போது காற்று தள்ளினால் வரும்போது தடுக்கும், இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்று சிலர் எண்ணலாம். அதுவும் இல்லை. 12,400 கிலோமீட்டர், விமான வேகம் 900, காற்று 100 என்று கொள்வோம். போக 12.4 மணி, வர 15.5 மணி, மொத்தம் 27.9. காற்றே இல்லாவிட்டால் 27.6 மணிக்குள் போய் வந்துவிடலாம். எதிர்க்காற்றில் செலவிடும் நேரம் நீள்வதால், காற்று கொடுப்பதைவிட எடுப்பதே மிகுதி. எனவேதான் திரும்பி வரும்போது எதிர்க்காற்றுக் குறைந்த வட வழியைத் தேடுகிறார்கள். குறைவு என்றால் இல்லை என்று பொருள் அன்று. அண்ணனின் விமானத்தை மணிக்கு நூறு கிலோமீட்டர் அளவில் அது தடுத்தது. பதின்மூன்றாயிரத்தை 800-ஆல் வகுத்தால் பதினாறே கால் மணி. அதனுடன் ஓடுதளத்துக்கு ஊர்ந்து செல்லும் நேரம், மெல்ல ஏறும் நேரம், தில்லிக்கு மேலே வரிசையில் வட்டமிடும் நேரம் எல்லாம் சேர வேண்டும். பதினாறே முக்கால் வந்துவிட்டது.

பூமியின் சுழற்சியைப் பற்றி ஒரு சொல். விமானம் மேலே நிற்கும்போது பூமி கீழே கிழக்காகச் சுழன்றுவிடும், ஆகவே மேற்கே போவது எளிது என்று என் ஊர் நண்பர் ஒருவர் வாதிட்டார். தில்லியின் அட்சத்தில் தரை மணிக்கு 1,470 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது என்பது மெய். ஆனால் காற்று மண்டலமும் அதனுடன் சேர்ந்தே சுழல்கிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு ஒரு பகல் போகும்போது மேல்படுக்கை நண்பருக்கு வேர்க்கடலைப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டிருக்கிறோம். அது என்றேனும் பின்பெட்டிக்குப் போனதுண்டா? சுழற்சி நமக்கு உதவுவதும் தடுப்பதும் அந்த ஜெட் காற்றின் மூலமே.

கடைசியாகக் கடிகாரம். பயணச்சீட்டில் அச்சாகும் இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர் நேரங்கள். அவற்றை அப்படியே கழிப்பது நாம் எல்லோரும் செய்யும் தவறு. அண்ணனின் சீட்டில் வியாழன் காலை 8.30, வெள்ளி பிற்பகல் 2.45 என்று இருந்தது. கழித்தால் முப்பதே கால் மணி! அதிலிருந்து பதின்மூன்றரையை எடுத்துவிட வேண்டும். கோடையில் கலிபோர்னியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால், மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை பன்னிரண்டரையை எடுத்தால் போதும். இந்தப் பகுதியை நான் சரியாகவே போட்டிருந்தேன் என்று முன்பே சொன்னேன்.

காரியம் முடிந்து அண்ணன் திரும்பிப் போனபோது தில்லி விமான நிலையம் வரை கூடச் சென்றேன். ஒரு திங்கட்கிழமை அதிகாலை நான்கு மணிக்கு விமானம். இம்முறை அட்டவணையையும் பார்த்தேன், உயர்காற்றுப் படத்தையும் பார்த்தேன். ஜப்பானுக்கு மேலே காற்று பலமாக இருந்தது. அன்று மாலை ஏழு மணிக்கு அண்ணனிடமிருந்து செய்தி வந்தது: "இறங்கிவிட்டேன். இங்கே திங்கட்கிழமை காலை ஐந்தரை." உடனே ஊருக்குப் பேசினேன்.

"என்னது, நாலு மணிக்குக் கிளம்பி அஞ்சரைக்குப் போயிட்டானா?" என்றார் பெரியப்பா. பிறகு சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. "வரும்போது மட்டும் ஏம்பா அவ்வளவு நேரம் ஆச்சு?"

காற்று, பெரியப்பா, என்றேன்.